பட்டியலில் விடுபட்ட எண்

2,93,31,86,25,600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட ஓர் அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய எண் இது. இதற்கு முன்னால் வரும் எண் அங்கே இருக்கிறது. பின்னால் வரும் எண்ணும் இருக்கிறது. இது மட்டும் விடுபட்டுப்போயிற்று. அந்தச் செய்தி எனக்குத் தெரியவந்தது நடுவயதில். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, இந்த எண்ணைக் கரும்பலகையில் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கும் தெரியாது, எழுதிப்போட்ட கணக்கு சாருக்கும் தெரியாது.

அது 1987 டிசம்பர், ராமானுஜன் பிறந்த நூற்றாண்டு. மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் எங்கள் பள்ளிக்கூடம். கும்பகோணம் பஸ் போகிற தூரம்தான் என்பதால் ராமானுஜனை எங்கள் பக்கத்துக்காரராகவே நினைத்திருந்தோம். பேச்சுப்போட்டி வைத்தார்கள். மேடை ஏறிய எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: ஹார்டி வந்த டாக்சி, 1729, இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டுத்தொகை. கைதட்டல் நன்றாகவே விழுந்தது. அந்த 1729-ஐ யாரும் காகிதத்தில் போட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

கணக்கு சார் மேடையில் பேசவில்லை. மறுநாள் வகுப்புக்கு வந்து, கரும்பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓர் எண்ணை எழுதினார். 6746328388800. காற்புள்ளி வைக்கவில்லை.

"வாசிங்க."

வலது பக்கத்திலிருந்து மூன்று, பிறகு இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டு போனோம். ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. வாசித்து முடிக்கவே வகுப்பு திணறியது. ராமானுஜன் போட்ட ஒரு பட்டியலின் கடைசி எண் இது என்று சார் சொன்னார். திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்தில், அங்கிருந்த நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதிவைத்துக்கொண்டாராம். "அரைப்பரீட்சை லீவுல இதைப் பகாக் காரணிகளாப் பிரிச்சுக் கொண்டாங்க. கால்குலேட்டர் தேட வேணாம். வச்சிருக்கவங்க வீட்லயும் அதுல எட்டு இலக்கம்தான் தெரியும்."

அப்பா ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதினார். வீட்டில் காகிதம் என்றால் மில்லின் பழைய ரசீதுகள்தான். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். மார்கழிக் குளிரில் கூடத்து விளக்குக்குக் கீழே உட்கார்ந்து அந்த ரசீதுகளில் வகுக்க ஆரம்பித்தேன். இரண்டால் வகுத்துக்கொண்டே போனேன். ஆறு முறை மீதியில்லாமல் போயிற்று. ஏழாவது முறைக்கு இடமில்லாமல் 1,05,41,13,81,075 என்று ஒற்றைப்படையில் நின்றது. இலக்கங்களைக் கூட்டினால் 36. ஆகவே மூன்றால் போகும், ஒன்பதாலும் போகும். மூன்றால் நான்கு முறை வகுத்ததும் 1,30,13,75,075. அதன் இலக்கக் கூட்டுத்தொகை 32. மூன்றின் கதை முடிந்தது. ஐந்தால் இரண்டு முறை: 5,20,55,003. ஏழால் இரண்டு முறை: 10,62,347. அதற்குப் பிறகு ஒவ்வொரு பகா எண்ணும் ஒரே ஒரு முறை. பதினொன்றால் வகுத்தால் 96,577. பதின்மூன்றால் 7,429. பதினேழால் 437.

437-இல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லு கண்ணு" என்றார். பத்தொன்பது இருபத்து மூன்று நானூற்று முப்பத்தேழு. அதோடு தீர்ந்தது.

ரசீதின் பின்பக்கத்தில் கிடைத்ததை வரிசையாக எழுதிப் பார்த்தபோது உண்டான சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது. 2 ஆறு தடவை. 3 நான்கு தடவை. 5 இரண்டு, 7 இரண்டு. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு தடவை. கரும்பலகையில் பார்த்தபோது தாறுமாறாகக் கிடந்த பதின்மூன்று இலக்கங்களுக்குள் இப்படி ஒரு வரிசை. பெரிய பகா எண் வர வர அடுக்கு குறைகிறது. நடுவில் ஒரு பகா எண்கூட விட்டுப்போகவில்லை. கோயில் கோபுரம் மேலே போகப் போகக் குறுகுவதுபோல இருந்தது எனக்கு.

அப்பாவுக்குப் பிடித்தது வேறு. அவர் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இதை எத்தனை பேருக்குப் பங்கு போட்டாலும் உடையாது போலிருக்கிறதே என்றார். உண்மைதான். 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இது மீதியில்லாமல் போகும்; 29-இல்தான் முதல் தடங்கல். தாத்தாவிடமிருந்து எண்சுவடியை வாய்ப்பாடமாகக் கற்றவர் அப்பா. கலத்துக்கு ஏன் பன்னிரண்டு மரக்கால் என்று அன்றைக்கு விளக்கினார். பாதி கேட்டால் ஆறு மரக்கால், கால் பங்கு கேட்டால் மூன்று, மூன்றில் ஒரு பங்கு நான்கு, ஆறில் ஒரு பங்கு இரண்டு. களத்தில் நெல்லை அளக்கும்போது மரக்காலை உடைக்கவேண்டிய அவசியமே வராது. பத்து மரக்கால் என்று வைத்திருந்தால் மூன்று அண்ணன் தம்பிகள் களத்திலேயே சண்டை போட்டிருப்பார்கள் என்றார். அதே மூச்சில் முந்திரிக்கு வந்தார். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று எவ்வளவு நுணுக்கமாக இறங்கினாலும் அந்தக் கணக்கில் மூன்றில் ஒன்று நேராக வராது. 320-க்குள் 2-ம் 5-ம் மட்டுமே இருக்கின்றன, மூன்று இல்லை. அதற்கு 14 காரணிகள். நாற்பது கூட்டி 360 என்று வைத்தால் 24 காரணிகள். நம் பழைய பின்னக் கணக்கின் அழகை மெச்சுகிறவர்கள் இந்த ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சார் கரும்பலகையில் சரிபார்த்தார். நாங்கள் எல்லாரும் இரண்டிலிருந்து மேலே போயிருந்தோம். அவர் மேலிருந்து கீழே வந்தார். "கடைசியில கிடைச்சது 23 தானே? அதால முதல்ல வகுப்போம்." வகுத்தார். ஈவு 2,93,31,86,25,600. அதை எழுதி அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்து 19-க்குப் போனார். நாங்களும் நோட்டில் எழுதிக் கோடு போட்டோம்.

பிறகு காரணிகளை எண்ணக் கற்றுக்கொடுத்தார். ஒரு காரணியை உண்டாக்குவதற்கு 2-ஐ ஒரு தடவையும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்றிலிருந்து ஆறு தடவை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. மிச்சம் ஐந்து பகா எண்களுக்கும் எடுக்கலாம், விடலாம் என்று இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080. அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் பத்தாயிரத்து எண்பது. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அவ்வளவு காரணிகள் கிடையாது. தனக்கு முன்னால் இருக்கும் எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் முந்துகிற எண்கள்தான் ராமானுஜன் தேடியவை. பகா எண்ணுக்கு இரண்டே காரணிகள். அதற்கு நேரெதிர்க் கோடியில் இருப்பவை இவை. உயர் பகு எண்கள் என்று சொல்லலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று போகும். கலத்தின் பன்னிரண்டும், நாளின் அறுபது நாழிகையும், வட்டத்தின் 360 பாகையும் இந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல் இல்லை. பங்கு போட்டுப் பழகிய மனிதர்கள், பெயர் வைக்காமலே இவற்றைக் கண்டெடுத்துவிட்டார்கள்.

அடுக்குகள் ஏன் குறைந்துகொண்டே வரவேண்டும் என்று யாரோ கேட்டார்கள். சார் 18-ஐயும் 12-ஐயும் எழுதினார். 18 என்பது ஒரு 2, இரண்டு 3. 12 என்பது இரண்டு 2, ஒரு 3. இரண்டுக்கும் ஆறு காரணிகள்தான். பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கும் சின்னதற்குச் சின்ன அடுக்கும் இருந்தால், அடுக்குகளை இடம் மாற்றிவிடு. காரணி எண்ணிக்கை மாறாது, எண் சிறியதாகிவிடும். ஆகவே முந்துகிற எண்ணில் அடுக்குகள் ஏறவே முடியாது. நிரூபணம் அவ்வளவுதான். இரண்டு வரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரையின் தொடக்கப் படிகளில் ஒன்றை அன்று முழுதாகப் புரிந்துகொண்டோம். அடுத்த படியாக அவர், கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4-ம் 36-ம் மட்டுமே விதிவிலக்கு என்றும் நிரூபித்தார். அதை சார் சொல்ல மட்டும் செய்தார்.

வகுப்பு முடிய நேரம் இருந்தது. எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டச் சொன்னார்: 6, 746, 328, 388, 800. "கடைசியிலேருந்து ஒண்ணைக் கூட்டு, ஒண்ணைக் கழி." 800-இல் 388 போனால் 412. 328 கூட்டினால் 740. 746 கழித்து 6 கூட்டினால் பூஜ்யம். வகுப்பே கத்தியது. 7, 11, 13 மூன்றின் பெருக்கல் 1001. அந்த மூன்றாலும் வகுபடும் எண்ணில் இப்படிச் செய்தால் பூஜ்யமோ 1001-இன் மடங்கோ வரும் என்று காரணமும் சொன்னார். சாரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். வியக்கவைத்துவிட்டுப் போகமாட்டார், காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

திருச்சியில் பி.எஸ்.சி. கணிதம் படித்தபோது அவர் சொன்ன புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் மூவரும் பதிப்பித்து 1927-இல் வந்த ராமானுஜன் ஆய்வுத் தொகுப்பு. அதில் அந்தக் கட்டுரை. லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் 1915-இல் வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பக்கம். 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் கொடுத்தது முக்கியமாக இந்தக் கட்டுரைக்காகத்தான். உள்ளூர்க் கல்லூரித் தேர்வுகளில் கணக்கைத் தவிர மற்றவற்றில் தேறாமல் போன மனிதருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. அட்டவணை சில பக்கங்களுக்கு ஓடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள், ஒவ்வொன்றின் காரணி எண்ணிக்கை, ஒவ்வொன்றின் பகாக் காரணிகள். கடைசி வரியில் எங்கள் 6746328388800. அதைப் பாதியாக்கினால் வரும் எண்ணும் அட்டவணையில் இருக்கிறது; கால் பங்கும் இருக்கிறது; அரைக்கால் பங்கு மட்டும் இல்லை. மில் ரசீதில் நான் எழுதிய முதல் இரண்டு ஈவுகள் ராமானுஜன் அட்டவணையில் அச்சாகியிருப்பதைப் பார்த்து நூலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

கட்டுரை முழுதாக அச்சாகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. போர்க்காலம்; சங்கத்துக்குப் பணமுடை. ராமானுஜன் கட்டுரையைச் சுருக்கச் சம்மதித்தார். மிச்சக் கையெழுத்துப் பக்கங்கள் பல்லாண்டு வெளிவராமல் கிடந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 'தொலைந்த நோட்டு' என்று இன்று அழைக்கப்படும் தாள்களைக் கண்டெடுத்தார். 1988-இல் நிழற்படப் பதிப்பாக அது வந்தபோது இந்தப் பக்கங்களும் சேர்ந்து வந்தன. 1997-இல் ழான்-லூயி நிக்கோலாவும் கீ ரோபானும் குறிப்புகள் எழுதி, ராமானுஜன் பெயரில் தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே வெளியிட்டார்கள். எண்பத்திரண்டு வருடம் காத்திருந்த எழுத்து.

நானும் கணக்கு ஆசிரியை ஆனேன். ஒரு கோடை விடுமுறையில் சென்னைக்குப் போனபோது ஓர் ஆய்வு நிறுவன நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கிடைத்தது. அங்கேதான், அந்த அட்டவணையைப் பற்றிப் பிற்காலத்தவர் எழுதிய ஒரு குறிப்பில், விடுபட்ட எண்ணைப் பார்த்தேன். 293318625600. ஒரு வரிக் குறிப்பு, அவ்வளவுதான். பகாக் காரணிகள் தரப்படவில்லை. நானே பிரித்தேன். 2 ஆறு, 3 நான்கு, 5 இரண்டு, 7 இரண்டு, பிறகு 11, 13, 17, 19. அதோடு நின்றது.

அந்த வரிசை எனக்கு மனப்பாடம். கடைசியில் 23 மட்டும் இல்லை. 23-ஆல் பெருக்கினேன். 6746328388800.

அட்டவணையின் கடைசி எண்ணை அதன் கடைசிப் பகா எண்ணால் வகுத்தால், அட்டவணையில் விட்டுப்போன எண். சார் மேலிருந்து வகுத்தபோது முதலில் கிடைத்த ஈவு. கரும்பலகையில் கோடு போட்டது. மில் ரசீதில் நான் போட்ட கணக்கில் அது வரவே இல்லை, ஏனென்றால் நான் கீழிருந்து போனேன்.

ஊருக்குத் திரும்பியதும் சாரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று, கண் அறுவைசிகிச்சை முடிந்து, திண்ணையில் இருந்தார். சொன்னேன். "ராமானுஜன் அட்டவணையிலா?" என்று கேட்டார். உடனே நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. "எடும்மா பேப்பரை."

இந்த எண்ணுக்கு 7×5×3×3×16, அதாவது 5,040 காரணிகள். அட்டவணையில் இதற்கு முந்தைய எண் 2,40,94,02,99,600, அதற்கு 4,800. அடுத்தது 3,21,25,37,32,800, அதற்கு 5,376. நடுவில் இது உட்கார இடம் இருக்கிறது. ஆனால் இதைவிடச் சிறியது எதுவும் 5,040-ஐ எட்டாது என்று உறுதிசெய்தால்தான் இதற்கு அந்த இடம் சொந்தம். சார் கடைசிப் பகா எண்ணை வைத்துப் பிரித்துக்கொண்டார். 31 வரை எல்லாப் பகா எண்களையும் ஒருமுறை பெருக்கினாலே 20,056 கோடி ஆகிவிடுகிறது. இரண்டாவது தடவை எதையும் சேர்க்க இடமில்லை. 2,048 காரணிகளோடு முடிகிறது. 29 வரை பெருக்கினால் 6,46,96,93,230. அதை 45 மடங்குவரை பெருக்கலாம்; அதில் சிறந்தது 36 மடங்கு, அப்போதும் 4,096-தான். 23-ஓடு நிறுத்தினால் மிஞ்சுவது அட்டவணையிலேயே இருக்கும் 4,800. 19-ஓடு நிறுத்தினால் நம் எண். 17-ஓடு நிறுத்தினால் சிறிய அடுக்குகளை எவ்வளவு ஏற்றினாலும் ஈடாகவில்லை. பொழுது சாய்ந்தது தெரியாமல் இரண்டு பேரும் போட்டுக்கொண்டிருந்தோம். முடிந்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாதிரி நூத்துக்கு மேல தேடியிருக்கார்மா, கையாலயே. ஒண்ணுதான் விட்டிருக்கு" என்றார்.

அந்த வாக்கியத்துக்காக நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். ராமானுஜனைப் பற்றி நம்மூரில் பேசும்போது எல்லாம் கனவில் வந்தது, நாமகிரித் தாயார் நாக்கில் எழுதினாள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த அட்டவணை முழுக்கக் கை உழைப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் போட்டியிட்ட டஜன்கணக்கான எண்களை எடுத்துப் பார்த்து, தள்ளி, அடுத்ததற்குப் போயிருக்கிறார். விடுபட்ட எண் அதற்குச் சாட்சி. அவரை அதிசயமாகவே நிறுத்திவைத்தால், நமக்கும் பிள்ளைகளுக்கும் அவர் எழுதியதைத் தொட்டுப் பார்க்க வேலையே இல்லாமல் போய்விடுகிறது. இது அவருக்கு நாம் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அன்று இரவு வீட்டில் வேறொன்று கண்ணில் பட்டது. 5,040 என்ற எண்ணும் ஓர் உயர் பகு எண். பிளேட்டோ தன் 'சட்டங்கள்' நூலில் ஒரு நல்ல நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் வேண்டும் என்று சொன்னது இதைத்தான். ஒன்று முதல் பத்து வரை எதனாலும் பங்கு போடலாம் என்பது அவர் சொன்ன காரணம். தன்னைத் தவிர்த்து 59 காரணிகள் என்று எண்ணியும் வைத்திருந்தார். தன்னையும் சேர்த்தால் 60. அறுபதுக்கு 12 காரணிகள். பன்னிரண்டுக்கு 6. ஆறுக்கு 4. நாலுக்கு 3.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூன்று காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் 4. நான்கு காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் 6. ஆறு காரணிகளுக்கு 12. பன்னிரண்டுக்கு 60. அறுபதுக்கு 5,040. ஐயாயிரத்து நாற்பதுக்கு 2,93,31,86,25,600. கலத்து மரக்கால், நாழிகை, பிளேட்டோவின் நகரம், அதற்கடுத்த படியில் ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண். இடையில் ஒரு படியும் தாவவில்லை. அட்டவணையின் கடைசி எண்ணுக்குக்கூட இந்தப் பேறு இல்லை: அதன் 10,080 காரணிகள் ஓர் உயர் பகு எண்தான், ஆனால் 10,080-க்கு 72 காரணிகள், 72 உயர் பகு எண் இல்லை. சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது.

அப்பா அப்போது இருந்தார். பன்னிரண்டு மரக்காலில் தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதற்கு அடுத்த படி எது என்று கேட்டார். இந்த எண்ணின் அளவு காரணிகளைக் கொண்ட மிகச் சிறிய எண். அது இருக்கிறது, அதை எழுத மில் ரசீதின் அகலம் போதாது.

5,040-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓர் எண்ணின் காரணிகளை எண்ணாமல் கூட்டினால் என்ன வரும் என்பதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. சில சிறிய எண்கள் அந்த வரம்பை மீறுகின்றன. அப்படி மீறுவதாகத் தெரிந்த எண்களில் மிகப் பெரியது 5,040. அதற்கு மேல் எந்த எண்ணும் மீறாது என்பதும், 1859-இல் ரீமான் முன்வைத்து இன்னும் நிரூபணம் ஆகாத கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றேதான் என்று 1984-இல் கீ ரோபான் நிரூபித்தார். ராமானுஜனின் அச்சாகாத பக்கங்களும் இந்தப் பக்கமாகத்தான் போகின்றன. ரீமான் கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டு இதே கூட்டுத்தொகைக்கு அவர் வரம்பு தேடியிருந்தார். அந்தப் பக்கங்களுக்குக் குறிப்பு எழுதிய இருவரில் ஒருவர் அதே ரோபான். சங்கத்துக்குப் பணமுடை வராமல் இருந்திருந்தால் கணித உலகம் இதை 1915-இலேயே படித்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

என் வகுப்புகளில் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த விடுபட்ட எண்ணை எழுதிப்போடுகிறேன். 1729 வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நல்ல எண். ஆனால் 1729-ஐக் கேட்டுவிட்டுக் கைதட்டலாம். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது, உட்கார்ந்து பிரிக்கவேண்டும். பிள்ளைகள் பிரிக்கிறார்கள். மூன்று மூன்றாக வெட்டி 600, 625, 318, 293 என்று கூட்டிக் கழித்து, இங்கேயும் பூஜ்யம் வருகிறதே என்று கத்துகிறார்கள்.

ராமானுஜனைப் பற்றித் தமிழில் புத்தகம் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அவர் படத்தையும் வீட்டுப் படத்தையும் போடுங்கள். அந்த அட்டவணையையும் போடுங்கள். போடும்போது 2,40,94,02,99,600-க்கும் 3,21,25,37,32,800-க்கும் நடுவில், 5,040 காரணிகள் என்று குறித்து, 2,93,31,86,25,600-ஐ அதன் இடத்தில் சேர்த்து அச்சிடுங்கள்.